வலது தோள் முந்தானை

என் மேசையில் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. ஃபிலிம் வருவதற்கு முன் இப்படிக் கண்ணாடியில்தான் படம் எடுத்தார்களாம். சுற்றியிருந்த தாளைப் பிரித்தால் ஈரச்சுவர் வாசம். இன்று நடந்ததை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

பதுளைக் கடைவீதியில், இடது மூலையில் சின்னக் கோபுரம் வைத்த மாடிக் கடை நினைவிருக்கிறதா? ஸ்பிரிங்வெளி பஸ் வரும்வரை மழைக்கு ஒதுங்குவோமே, அதுதான். அதன் முகப்பை இடிப்பதா, பழையபடி சீர்செய்வதா என்று இன்று கூட்டம். பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் குழுவில் எனக்கு வேலை. ஒரு ஸ்டூடியோப் பரணில் கிடைத்த இந்தத் தகட்டை ஸ்கேன் செய்து, கடையின் பழைய முகப்புக்குச் சான்றாகப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தது நான்தான்.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "இதுல கோபுரம் வலது பக்கம்ல இருக்கு. இது வேற கட்டடம், மிஸ்."

படத்தில் பெயர்ப்பலகையும் வெளுத்துப்போயிருந்தது. அவர் கோப்பை மூடினார். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்தேன். குனிந்த கண்ணில் படத்தின் கீழ்ப்பகுதி பட்டது. கடை வாசலில் நான்கு பெண்கள். நான்கு பேருக்கும் முந்தானை வலது தோளில்!

உடனே நீ நினைவில் வந்து நின்றாய். பள்ளியில் ஏ.எல். வகுப்புப் பிரியாவிடைக்கு, உன் அக்கா அனுப்பிய செல்ஃபியைப் பார்த்துச் சேலை கட்டிக்கொண்டு, வலது தோளில் முந்தானையோடு வந்தாயே. "என்னடி இளிக்கிறீங்க? ஃபோன்ல அக்கா இப்படித்தான் கட்டியிருந்தா!" செல்ஃபி இடத்தை வலமாகக் காட்டிவிட்டது. வகுப்போடு சேர்ந்து நீயும் சிரித்தாய். எனக்குத்தான் கூச்சம். என் முகவாயைத் தூக்கி, "தப்பா கட்டுனது நானு. நீ ஏன்டி தலைய குனியிற?" என்றாய். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

எழுந்தேன். "சேர், தப்பு என்னுது. தகட்ட மறுபக்கமா வச்சு ஸ்கேன் பண்ணிட்டேன். சேலையப் பாருங்க, நாலு பேருமா அப்படிக் கட்டுவாங்க?"

கையோடு கொண்டுபோயிருந்த தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தேன். முந்தானைகள் இடது தோளுக்கு வந்தன. கோபுரம் இடது மூலைக்கு வந்தது. வளைவுகள், ஜன்னல்கள், படிகள், எல்லாம் அப்படியே!

பின்வரிசையிலிருந்து கடைக்காரர் கத்தினார்: "அட, நம்ம கடைதாங்க!"

அதிகாரி சிரித்துக்கொண்டே கோப்பைத் திறந்தார். இடிக்கப்போவதில்லை.

திரும்பும்போது அந்தக் கோபுரத்தின் கீழ் நின்றேன். மழை இல்லை. பஸ் வந்தது, ஏறவில்லை. சும்மா நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

நம் பிரியாவிடைப் படம் என் ஃபோனில் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் படம் இடவலமாகத் திரும்பி, அதிலும் உன் முந்தானை சரியான தோளுக்கு வந்துவிடும்.

தட்டமாட்டேன்.