தட்டுச் சத்தம் மட்டும் கேட்கிற இடம்

என் செல்ல டமாரமே,

தகரம், தட்டு, அம்மா முதுகு, எதையும் விடாம தாளம் போட்டவன் நீ. வேற என்ன பேரு வைக்கிறது? நீ கண்ணை மூடி இந்த ஆடியோட ஒரு வருஷம். வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு. நீ வேலை பார்த்த தோஹாவிலேர்ந்து உன் பெட்டியோட வந்த லேப்டாப்பை இப்பத்தான் வெளியில எடுத்தேன்.

ஏன் இவ்வளவு நாள்னு உனக்குத் தெரியும். கேசட்டுல பேசி அனுப்பிக்கிட்ட காலத்துல, "கேசட்டு முதுகுல இருக்கற ரெண்டு பிளாஸ்டிக்கையும் உடைச்சுடுக்கா, இல்லன்னா மேல பதிஞ்சு அழிஞ்சுடும்"னு படிச்சுப் படிச்சு சொல்லுவ. அம்மா பேசின கேசட்டை மட்டும் உடைக்க மறந்துட்டேன். அதுமேலயே மாதா கோயில் பாட்டைப் பாடிப் பதிஞ்சேன். அம்மா போனப்புறம் போட்டுப் பார்த்தா, என் குரல்தான் கேட்டுச்சு. நீ ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருக்கலாம்.

உன்கூட தங்கியிருந்த பேராவூரணி சலீம் பாய் போன் பண்ணினாரு. "ஒரே கிறிஸ்துமஸ் பாட்டைச் சுத்திச் சுத்திப் பாடுவான்க்கா. நிறுத்தாம மேல மேல பதியணும், அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் வேணும்னு தேடித் தேடிக் கண்டுபிடிச்சான். பாட்டை முடிச்சானான்னு தெரியல" என்றார்.

திறந்தா, அந்த சாஃப்ட்வேருக்குக் கெடு முடிஞ்சுபோச்சாம். உன் பாட்டு உள்ள இருக்கு, கேட்க முடியல. கும்பகோணத்துல கடை கடையா ஏறினேன். பேரு தெரியாம எப்படிக் கேட்கிறது? "கும்மியில ஒரு சுத்து முடிஞ்சதும் இன்னொருத்தி வந்து சேர்ந்துக்குவா, முதல்ல பாடினவ நிறுத்த மாட்டா. அந்த மாதிரிப் பதியுறது"ன்னு கையைத் தட்டிக் காட்டினேன். ஒருத்தன், "ஏம்மா, டிஜே ஆகப் போறீங்களா?" என்றான். நீ இருந்தா அவனோட சேர்ந்து சிரிச்சிருப்ப.

மூணாவது கடையில ஒரு பொண்ணுக்குப் புரிஞ்சுது. வேற சாஃப்ட்வேர் போட்டு உன் பாட்டைத் திறந்துட்டா. முதல் சுத்துல சாப்பாட்டுத் தட்டுல தாளம். அடுத்ததுல உன் அடிக்குரல். அப்புறம் மேல் குரல். மூணும் நீதான். நாலாவது வரி வந்தா மட்டும் ரெண்டு குரலும் நின்னுடுது. தட்டு மட்டும் போயிக்கிட்டிருக்கு. ஒவ்வொரு சுத்துலயும் அப்படித்தான்.

"நீங்க அந்த இடத்துல பாடுங்கம்மா" என்றாள்.

"அவன் குரல் அழிஞ்சுடுமே?"

"அழியாதும்மா. ஒவ்வொரு சுத்தும் தனித்தனியா நிக்கும்."

மூணு தடவை கேட்டேன். அவளுக்கே அலுத்துப்போய், முதல்ல ஒரு பென் டிரைவுல காப்பி எடுத்து என் கையில கொடுத்தா. அதை இடுப்புல முடிஞ்சுக்கிட்டுத்தான் வாயைத் திறந்தேன். தாளத்தை விட்டுட்டேன், நடுவுல பஸ் ஹாரன் வேற. அவ என்னோடதை மட்டும் அழிச்சுட்டா. திரும்பப் போட்டா, நீ அப்படியே இருந்த. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திட்டு இன்னொரு தடவை பாடினேன். அது தாளத்துல உட்கார்ந்துடுச்சு.

இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோயில்ல போடச் சொல்றேன். உன் குரல்மேல இனி யாரு கையும் படாது, நான் பார்த்துக்கறேன்.

ஒன்னு மட்டும் சொல்லு தம்பி. அந்த நாலாவது வரியை எனக்குன்னு விட்டு வச்சியா, இல்ல மூச்சு பத்தாமத்தான் நிறுத்தினியா?

கேசட்டை அழிச்ச உன் அக்கா,
ஸ்டெல்லா