அம்மாவின் தலைப்படமும் கலர் திரையும்

புக்கிட் பாத்தோக்,
15 நவம்பர் 1987

அன்பு மகள் உர்சுலாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், மான்செஸ்டர் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, கம்பளி போட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபிக்கிறோம். உன் கடிதம் கிடைத்தது. எங்கள் ஆஸ்பத்திரி ஸ்கேன் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வாங்கும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள் என்று நான் எழுதியதற்கு ஒரு பக்கம் முழுக்க யோசனை சொல்லியிருந்தாய், மெமரியையும் டிஸ்க்கையும் முதலில் பாருங்கள், கம்பெனிக்காரன் காட்டுகிற படத்தைப் பார்த்து மயங்காதீர்கள், உங்கள் நோயாளிகளின் படங்களையே டேப்பில் கொடுத்து ஓட்டிப் பாருங்கள் என்று. அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், மகள் கெட்டிக்காரி என்று பெருமைப்பட்டேன், அதோடு சரி. சிராங்கூன் ரோட்டில் பேரம் பேசி நம் பங்குக் கோவில் மண்டபத்துக்கு டிவி வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து கோவிலில் யார் எந்த மின்சாரச் சாமான் வாங்கினாலும் என்னைத்தானே கூட்டிப்போகிறார்கள், ரைஸ் குக்கருக்குக்கூடப் போயிருக்கிறேன். அப்படிப்பட்ட நிபுணனுக்கு மகள் யோசனை எதற்கு.

இந்தக் கம்ப்யூட்டர் நமக்கு வெறும் ஆஸ்பத்திரி விஷயமும் இல்லை. அம்மாவின் தலையில் போன வருடம் தெரிந்த சின்ன நிழல் உனக்குத் தெரியும். புதுப் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் அது வளர்ந்திருக்கிறது என்றார், மற்றவர் அப்படியே இருக்கிறது என்றார். வளர்ந்திருந்தால் ஆப்பரேஷன். இரண்டு வருடப் படங்களையும் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி அளந்தால்தான் தெரியும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் இந்தக் கூத்தை அடித்தேன்.

இரண்டு கம்பெனிகள் ஆளுக்கொரு மெஷினைச் சோதனைக்குக் கொண்டுவந்தன. ஒன்றில் பெரிய கலர் திரை, மூளை அதில் சிவப்பும் நீலமுமாகத் திருவிழாத் தேர் மாதிரி ஜொலித்தது. நான் தள்ளி நின்று பார்த்தேன், பக்கவாட்டில் நின்று பார்த்தேன், சிவப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன், கடைசியில் ஒரு மனித முகத்தைக் காட்டு, முகத்தில் நிறம் சரியாக வந்தால்தான் நல்ல செட் என்றேன். மூளைக்குள் முகத்துக்கு எங்கே போவது, அந்த ஆள் பாவம் எங்கேயோ தேடி ஒரு பெண்ணின் படத்தைப் போட்டுக் காட்டினான். மற்றதற்குக் கையகலக் கறுப்பு வெள்ளைத் திரை, அலமாரி மாதிரிப் பெட்டி, ஓயாத இரைச்சல் வேறு. அதைக் கொண்டுவந்த காதர் மைதீன் என்கிற தம்பி, உங்க டேப்பக் குடுங்கண்ணே, போட்டுப் பாத்துடலாம்லா என்று நீ எழுதியதையே சொன்னார். படமே தெளிவாக இல்லை, டேப் எதற்கு என்று அனுப்பிவிட்டேன். கூட்டத்தில் மெமரி எவ்வளவு என்று பெரிய டாக்டர் கேட்டதற்கு, பிக்சர் வெரி கிளியர் டாக்டர் என்று பதில் சொன்ன மகான் நான்தான். சீனியர் டெக்னீஷியன் சொல்கிறாரே என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் அம்மாவின் படங்களைக் கலர் மெஷினில் ஏற்றினோம். போன வருடப் படம் அழகாக வந்தது. இந்த வருடத்தை ஏற்றப்போனால் டிஸ்க்கில் இடமில்லை, முதலில் உள்ளதை அழி என்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, நீங்க என் தலைக்கு மெஷின் பாத்தீங்களா, வீட்டுக்கு டிவி பாத்தீங்களா என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். தமிழ் தெரிந்த நர்சுகள் சிரித்தார்கள், தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். நான் கீழே ஓடினேன். காதர் மைதீன் தன் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார், கையைப் பிடித்து இழுத்தேன், லாரிக்காரனுக்கு யாருண்ணே பதில் சொல்றது என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியோடு திரும்பி வந்தார். இரண்டு வருடப் படங்களும் அதில் தாராளமாக ஏறின. அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து, என் பேச்சைக் கேட்காதீர்கள், அந்தச் சின்னத் திரை மெஷினையே வாங்குங்கள் என்றேன். அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

இதுவரை எழுதியது அம்மாவின் உத்தரவுப்படி. நீங்க முட்டாளான கதைய மட்டும் எழுதுங்க, பிள்ள சிரிக்கட்டும் என்றாள். மீதியை மறைக்க எனக்கு மனம் வரவில்லை மகளே. நிழல் வளர்ந்திருக்கிறது. கொஞ்சம்தான், கண்ணுக்குப் பிடிபடாத அளவு. என் கலர் திரையை நம்பியிருந்தால் இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்று விட்டிருப்போம். இப்போதே தெரிந்ததால் முழுதாக எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர், கிறிஸ்துமசுக்கு முன்னால் ஆப்பரேஷன். அம்மா சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், எனக்குத்தான் பயமாக இருக்கிறது. உன் படிப்பு கெடும், கூப்பிடக் கூடாது என்று சத்தியம் வாங்கப் பார்த்தாள், நான் கொடுக்கவில்லை. நீ வா.

மாதா உனக்குத் துணையாக வரட்டும், நல்லபடியாக வந்து சேர். டிக்கெட் எடுத்ததும் ஆஸ்பத்திரிக்கு எனக்குப் போன் செய். வீட்டுக்குச் செய்யாதே. அம்மாதான் எடுப்பாள், ஒன்றுமில்லை, வராதே என்பாள், அவள் குரலைக் கேட்டு நீயும் நம்பிவிடுவாய்.

ஆசீரோடு,
உன் அப்பா
சவரிராஜ்