ஒரு சொல்லுக்கு நான்கு கையெழுத்து

ஜூன் 9, திங்கள்

ஆசிரியர் அறைக் கடிகாரம் மறுபடி நின்றுவிட்டது. துறைத்தலைவர் ஜெகநாதனுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. என்னைவிட மூன்று வருடம் இளையவர், முப்பத்தேழு மாதமாக என் தலைவர். நான் எண்ணுவதில்லை. அதுவாக நினைவில் நிற்கிறது.

ஒரே நல்ல செய்தி, சென்னையில் அச்சாகப் போகும் கலைச்சொல் அகராதியில் எனக்கும் சில சொற்கள். எல்லாம் முடித்தாயிற்று, 'ப்ரொலாங்கேஷன்' தவிர. பொது வழக்கில் அது எளிது: முடிய வேண்டியது முடியாமல் மேலும் நீள்வது. ஆயுள், போர், எங்கள் துறைக் கூட்டம், எதுவானாலும் சரி. ஆனால் கணிதத்தில் ஒரு பொருள், மருத்துவத்தில் ஒன்று, பேச்சுப் பயிற்சியில் ஒன்று, கட்டட ஒப்பந்தத்தில் ஒன்று. பதிப்பகத்தின் விதிப்படி, ஒவ்வொரு பொருளையும் அந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவர் படித்துக் கையெழுத்திட வேண்டும். முப்பதாம் தேதிக்குள் நான்கு கையெழுத்தும் போய்ச் சேராவிட்டால் சொல் ஜெகநாதனுக்கு மாற்றப்படும்.

மாறாது.

ஜூன் 11, புதன்

கணிதம் முடிந்தது. ஒரு கோட்டை அதே திசையில் அதன் முனைக்கு அப்பாலும் கொண்டுபோவது. ஸ்வர்ணலதா மேடம் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். போன வருடம் தேர்வு மேற்பார்வையில் என்னைக் கழிப்பறைப் பக்கத்து அறைக்குத் தள்ளியவர் இவர்தான். கேட்காமல் விட்டேன்.

ஜூன் 14, சனி

டாக்டர் ஹேமலதா. பத்தாம் வகுப்பில் என்னிடம் டியூஷன் படித்த பெண். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை. இன்று டோக்கன் எண் 23 வாங்கிக்கொண்டு நோயாளி போல உட்கார்ந்திருந்தேன்.

இதயம் ஒருமுறை சுருங்கிய பிறகு அடுத்த துடிப்புக்கு மின்னளவில் தயாராக எடுக்கும் நேரம் அளவுக்கு மேல் நீள்வது. ஈசிஜி தாளில் தெரியும். சில மாத்திரைகளாலும் வரும். அழகாகச் சொன்னாள். கையெழுத்திட்டுவிட்டு, "நீங்க ஈசிஜி எடுத்து எத்தினி வருஷமாச்சு சார்?" என்றாள். அகராதிக்கு அது தேவையில்லை என்றேன். விடவில்லை, படுக்க வைத்து எடுத்துவிட்டாள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். வாசல்வரை வந்து, "கல்யாணப் பத்திரிகைய கொரியர்ல அனுப்பினேனே, வரலியா சார்?" என்று கேட்டாள்.

கொரியர்காரனையும் என் கோபப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

பேச்சுப் பயிற்சிக்கு வெளியே போக வேண்டியதில்லை. மகள் பவித்ரா சென்னையில் அதே வேலையில்தான் இருக்கிறாள். போனில் விளக்கினாள்: திக்கிப் பேசுவதில் ஒரு வகை; 'மாமா' என்று சொல்ல வேண்டியவர் 'ம்ம்ம்ம்' என்று முதல் ஒலியிலேயே நின்று இழுப்பது.

"கட்டட அர்த்தத்துக்கு யாருப்பா?"

"பார்க்கிறேன்."

"ஆரணியில அன்பரசு மாமாவ விட்டா யாரு இருக்கா? தோஹாவுல எட்டு வருஷம் இதே வேலைதானே பாத்தாரு."

"ம்ம்..." என்று இழுத்தேன்.

"நீங்களும் பத்து வருஷமா முதல் எழுத்துலயே நிக்கிறீங்கப்பா" என்று சிரித்தாள். கையெழுத்தை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டாள். கொழுப்பு.

ஜூன் 19, வியாழன்

மூன்று பொறியாளர்களைக் கேட்டேன். மூவரும் 'டிலே சார், டிலேதான்' என்றார்கள். தாமதம் வேறு, இது வேறு என்று எனக்கே தெரியும்.

ஜூன் 22, ஞாயிறு

அன்பரசு யார் என்று இந்த நோட்டுக்குத் தெரிய வேண்டாமா? சேவூர்ப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டுவரை என் பக்கத்தில் உட்கார்ந்தவன். 2014-இல் என் வீட்டை இடித்துக் கட்ட அவனிடம் கொடுத்தேன். ஆறு மாதம் என்றான், பதினாலு மாதம் ஆக்கினான். எட்டு மாதம் ஒரு சுவரைத் தொடவில்லை. நடுவில் என் மனைவி திலகவதி பட்டு நெய்யும் தறி அறையை எனக்குப் படிப்பறையாக்கி, தறியைப் பின்னால் தகரக் கொட்டகைக்கு மாற்றுவது திட்டம். கடைசியில் 'பீம் தாங்காது' என்று சொல்லி அறையை அப்படியே விட்டுவிட்டான். என் புத்தகங்கள் பத்து வருடமாகக் கட்டிலுக்கடியில். கிரகப்பிரவேசத்துக்கு அவனை நான் கூப்பிடவில்லை.

எட்டு நாள் மிச்சம். ஜெகநாதன் இன்று போன் செய்து "சொல் முடிஞ்சுதா சார்?" என்று விசாரித்தார். அன்பாக!

ஜூன் 24, செவ்வாய்

போனேன்.

இரும்புக்கடை மாடியில் ஆபீஸ். தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு. என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னாடா, பத்து வருஷம் கழிச்சி வந்து இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேக்கற?"

"வேறு யாருக்கும் தெரியவில்லை."

"அத மொதல்ல எழுதி கையெழுத்து போட்டுக் குடு" என்றான். டீ வந்தது. சர்க்கரை இல்லாமல். நினைவு வைத்திருக்கிறான்.

பிறகு சொன்னான். "கட்டறவன் மேல தப்பு இல்ல. கட்டச் சொன்னவனால வேல இழுத்துகினே போவுது. அத்தினி நாளும் ஆளு, மிசினு, ஷெட்டு எல்லாம் சைட்டுல சும்மா கெடக்கும் பாரு, அந்தக் கூடுதல் இருப்புக்குத்தான் அந்தப் பேரு. அதுக்கான செலவ கட்டறவன்தான் கேப்பான். கட்டச் சொன்னவன் இல்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அப்படியானால் என் வீட்டில் எட்டு மாதம் நீ சும்மா கிடந்தாயே, அதற்கு என்ன பேர் என்றேன்.

கோபப்படுவான் என்று பார்த்தால் பேனாவை மூடி வைத்தான். "உங்க வூட்டுத் தறியப் போய்க் கேளு. கேட்டுட்டு வா, கையெழுத்து போடறேன்."

தறியைக் கேட்பதாமே! திமிர் — அப்படியே இருக்கிறது.

ஜூன் 25, புதன்

திலகவதியிடம் ஒப்பித்தேன், நக்கலாகத்தான். நெய்துகொண்டிருந்தவள் கையில் நாடா அப்படியே நின்றது. முதலில் பயந்த முகம். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"அன்பரசு அண்ணன் இத்தினி வருஷமா சொல்லவேயில்லையா?"

தறியில் பாவு, அதாவது நீளவாட்டுப் பட்டிழைகள், ஏற்றியிருக்கும்போது அறையை இடிக்க முடியாது. சிமெண்ட் தூசி பட்டால் பட்டு போச்சு. அதனால் "இந்தப் பாவு முடியட்டும்" என்று நானே அன்பரசுவிடம் சொல்லியிருந்தேன். ஒரு பாவுக்கு மூன்று சேலை. மூன்றாவதை அறுத்ததும் தறியைக் கழற்றியிருக்க வேண்டும். இவள் என்ன செய்தாள்? தறியின் விழுதில் தொங்கும் பழைய பாவின் மிச்ச இழைகளோடு, விரலில் சாம்பல் தொட்டு, புதுப் பாவின் நாலாயிரத்துச் சொச்சம் இழைகளையும் ஒவ்வொன்றாகப் பிணைத்துவிட்டாள். நான் கல்லூரிக்குப் போயிருக்கும் நேரத்தில். ஒருமுறை இல்லை, ஐந்து முறை; தறி காலியாகவே இல்லை.

"நான் எப்படிக் கவனிக்காமல் போனேன்?"

"அரக்கு முடிஞ்சி மயில்கழுத்து வந்துச்சி, அப்பறம் கிளிப்பச்சை. தெனம் தாண்டிகினு போனீங்க. நெசவு வூட்ல பொறந்தவரு, ஒரே பாவுன்னு நம்பிகினு இருந்தீங்க."

"ஏன் செய்தாய்?"

"தகரத்துக்கு கீழ சித்திரை வெயில்ல நீங்க ஒக்காந்து புஸ்தகம் படிப்பீங்களா? நான் மட்டும் நெய்யணுமா?"

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். மூணு தடவ. பேஜார் பண்ணாதேன்னீங்க."

சொன்னாளா? சொல்லியிருப்பாள்.

பீம் கதையும் இவள் கேட்டுக்கொண்டதுதான். அவன் எட்டு மாதம் சும்மா இருந்ததற்குக் காசு ஒன்றும் கேட்கவில்லை, என்னிடம் வாங்கிய வசவுக்கும் பதில் சொல்லவில்லை. பத்து வருடம் — நான் எந்தக் கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தாலும் பந்தி மாறி உட்கார்ந்தேன்.

ஜூன் 26, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 28, சனி

மறுபடி அன்பரசு ஆபீஸ். மன்னிப்பு என்று ஒரு வாக்கியம் தயாரித்துப் போயிருந்தேன், எழுவாய் பயனிலையெல்லாம் சரியாக. அவன் முந்திக்கொண்டான்: "தறி இன்னா சொல்லிச்சி?"

"கட்டச் சொன்னவன்மேல்தான் தப்பு என்று சொல்லிற்று."

"தங்கச்சி வந்து கேட்டுகினுச்சி. நான் இன்னா பண்றது? உன் வாய்க்கு பயந்து ரெண்டு பேரும் மூடிகினு இருந்தோம்." விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான். கீழே இரும்புக்கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

கையெழுத்திட்டான். நான் எழுதியிருந்த பொருளில் ஒரு சொல்லைத் திருத்தினான், 'தாமதம்' என்பதை 'கூடுதல் இருப்பு' என்று. சரியான திருத்தம்.

ஜூன் 30, திங்கள்

அனுப்பியாயிற்று. ஜெகநாதனிடம் நானே போய்ச் சொன்னேன். வாழ்த்தினார். கடிகாரத்துக்கு பேட்டரி நானே வாங்கிப் போட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அன்பரசு சாப்பிட வந்தான். பிறகு மொட்டைமாடியை அளந்தான், எனக்கு மேலே ஒரு படிப்பறை. படிக்கட்டு தறி அறையின் ஓரமாகத்தான் ஏற முடியுமாம்.

"எப்ப ஆரம்பிக்கலாம்?"

உள்ளே பார்த்தேன். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. இரண்டாவது சேலை, முந்தானை இன்னும் வரவில்லை.

"இந்தப் பாவு முடியட்டும்" என்றேன்.

தறிச்சத்தம் ஒரு நொடி நின்றது. "அடுத்ததும் வாங்கி வெச்சிட்டேங்க" என்றாள் உள்ளிருந்து.

அன்பரசு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு டீ கேட்டான்.