தாத்தா கடைசியாகச் சொன்னது

ஃப்ரீமான்ட்
12 மார்ச் 2000

அன்பு மகள் வான்மதிக்கு அப்பா எழுதுவது. சித்தப்பா வீட்டில் நானும் அம்மாவும் சுகம், குளிரோடு வந்த அம்மாவின் முழங்கால் வலி மட்டும் குளிரோடு போகாமல் நிற்கிறது. அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும், ஆனால் போனில் உன் குரல் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் மே மாதக் கல்யாணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடலாமா என்று செழியனிடம் கேட்டாயாம், அம்மா சொன்னாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இந்த வீட்டில் போனில் பேசினால் இன்னொரு எக்ஸ்டென்ஷனில் உன் சித்தி இருப்பாள்.

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பனியால் உன்னால் உன் ஊர் மான்மவுத் ஜங்ஷனை விட்டுக் கிளம்ப முடியவில்லை. வந்திருந்தால் இறந்தது யார் என்றே உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். முதலில், பதினாறாம் நாள் புதன்கிழமை வந்தது, யாருக்கும் லீவு இல்லை என்று சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். மவுரி அவென்யூ கடையிலிருந்து சாப்பாடு வந்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். தாத்தாவை இரண்டு முறை பார்த்த ஒரு அங்கிள், அவர் வாழ்நாளில் யாரையும் அதட்டியதில்லை என்றார். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் தாத்தா போட்ட சத்தத்தில் வண்டி மாடு மிரண்டு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொருவர், அமெரிக்காக்காரனையே திருநீறு பூச வைத்த மகான் என்றார். நடந்தது என்ன? தாத்தா போட்ட சாம்பிராணியில் ஸ்மோக் அலாரம் அலறி, தீயணைப்பு வண்டி வந்தது. உள்ளே வந்தவனைக் குனியச் சொல்லி நெற்றியில் பட்டை போட்டுவிட்டார். அவன் அதைக் கையுறையால் துடைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். மகானின் திக்விஜயம் அவ்வளவுதான்.

அவர் பக்தி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை விரதத்தை ஆஸ்பத்திரியில்கூட விட்டதில்லை. எண்பது வயது வரை தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தார். பிள்ளைகள் பெயரை மாற்றிச் சொல்வார், தேவாரத்தில் ஒரு எழுத்தை மாற்றிச் சொன்னதில்லை. ஆனால் சாமி முன்னால் உருகிய மனிதர் மனுஷர் முன்னால் உருகி நான் பார்த்ததில்லை. கோயில் தர்மகர்த்தா பதவிக்காகக் கூடப் பிறந்த அண்ணன்மேல் கேஸ் போட்டார், அந்த அண்ணன் செத்தபோது முகம் பார்க்கவும் போகவில்லை. கூட்டத்தில் இதற்குக் கொள்கைப் பிடிப்பு என்று பெயர் வைத்தார்கள். தொண்ணூற்றைந்து வயது வரை இருந்துவிட்டால் பிடிவாதத்துக்கும் மாலை விழும் போலிருக்கிறது.

கடைசியில் உன் சித்தப்பா சுவாமிநாதன் எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு நம்ம குடும்பத்தில் மேளச் சத்தம் கேட்கக் கூடாதுடா என்று அப்பா கடைசி மூச்சில் தன் கையைப் பிடித்துச் சொன்னதாகச் சொன்னான். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். சொல்லிவிட்டு அவன் பார்த்தது உன் அம்மாவை. அன்று மாலை உன் அண்ணன் வேலுமணி சான் ஹோசேயிலிருந்து உனக்குப் போன் போட்டு, அதையெல்லாம் நம்பாதே, தாத்தா உன் பேரைச் சொல்லி ஆசீர்வாதம் பண்ணிட்டுத்தான் கண்ணை மூடினார் என்றானாம். ஒருவன் தடுப்பதற்குப் புளுகினான், ஒருவன் தேற்றுவதற்குப் புளுகினான். தாத்தா இறந்த மத்தியானம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். சுவாமிநாதன் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தான், வேலுமணி ஃப்ரீவேயில் டிராஃபிக்கில் மாட்டியிருந்தான். புழுங்குது, ஹீட்டரை அணை என்றார் தாத்தா. அணைத்தேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மேளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன்னைப் பற்றியும் இல்லை கண்ணு. நீ விவாகரத்து வாங்கிய வருஷம், இனி இந்த வீட்டில் அவள் பேச்சு வேண்டாம் என்றார், கடைசி வரை அப்படியே இருந்தார். மனம் மாறினார் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. நாற்பது வருஷம் பத்திரிகையில் நடக்காததை எழுதாதவன், பெற்ற மகளுக்கு எழுதுவேனா?

சாஸ்திரம் பேசும் சித்தப்பா போன வாரம் புதுக் கார் எடுத்தான். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான். இதற்கு வருஷம் பார்க்க வேண்டாமா என்றேன். டெலிவரி டேட்டை மாத்த முடியாதுண்ணா என்றான். உன் கல்யாணம் இரண்டாவது கல்யாணம் என்பதுதான் அவனுக்கு உறுத்தல், வேறொன்றும் இல்லை. தாத்தாவின் முதல் மனைவி விசாலாக்ஷி என்பவர் விஷக்காய்ச்சலில் இறந்தார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, தாத்தா என் அம்மாவைக் கட்டினார், ஊர் கூட்டி, மேளம் வைத்து. அதற்காகப் பழனி மலையில் யாரும் அவருக்குக் கதவைச் சாத்தவில்லை. நானும் சுவாமிநாதனும் அந்த இரண்டாவது கல்யாணத்துப் பிள்ளைகள்தான். கூட்டத்திலேயே சொல்லியிருப்பேன், உன் அம்மா என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாள். நேற்று சாப்பிடும்போது அவனிடமே சொன்னேன். அவர் ஆம்பளைண்ணா என்றான். இத்தனை நாளில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். சித்திகூட ரசத்தை ஊற்றாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதனால் தேதியை மாற்றாதே. மேளம் வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம், தாத்தாவுக்குப் பயந்து வைக்காமல் விடாதே. கல்யாண லைசென்ஸுக்கு ஒரு சாட்சி வேண்டும், அண்ணன் வருவானா என்று சந்தேகப்பட்டாய். அவன் வந்தாலும் வராவிட்டாலும் என் பெயரை எழுதிவிடு, எனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, இன்று சொல்வேன். வேளைக்குச் சாப்பிடு, பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு.

தாத்தா பெயரில் ஒரு ஆசியைச் செய்து அனுப்ப என்னால் ஆகாது. இது நான் கொடுப்பது, அம்மாவும் பக்கத்தில் நின்று கொடுக்கிறாள். நீயும் செழியனும் நன்றாக இருங்கள்.

உன் அப்பா,
பசுபதி