கரையாத சுண்ணாம்புக்கு முத்திரை இல்லை

அவையில் எனக்கு இருக்கை வேண்டும். இதை மட்டும் எந்நாளும் கேட்டுவிடாதே என்று ஈன்றவள் சொல்லியனுப்பினாள், கேட்டுவிட்டேன். இனி முறைப்படி வாழ்த்து.

ஏழு குன்றுக்கும் குடையானவரும், ஓயாத நாவினரும், வெண்குன்ற நாட்டுப் பேரமைச்சருமாகிய பொற்கண்டனார் திருமுன், காளவாய்ச்சேரியில் சுண்ணாம்பு நீற்றும் மூக்கன் மகளும், அக்குடியில் முதன்முதல் கல்விச்சாலைப் பட்டம் பெற்றவளும், அரண்மனைக் கலவை ஆய்வாளருமாகிய கொற்றி விடுக்கும் ஓலை. தங்கள் மாடத்துச் சுவர்கள் வெண்மை குன்றாதிருக்க. அவற்றுக்கு வெள்ளையடித்தவர் என் தந்தை.

"உப்பு நீரில் கரைந்தாற்போல் எல்லாக் குடிகளும் நம் அவையில் கரைந்தன" என்று கல்லில் வெட்டப்போவதாகவும், அது மெய்யென நான் முத்திரையிட வேண்டுமென்றும், இடாவிடில் பதவி போகுமென்றும் பணித்தீர்கள். ஆய்ந்தேன். உப்புக் கரைசலை மேலே மொண்டாலும் அடியில் மொண்டாலும் ஒரே கரிப்பு. நாள்பட வைத்தாலும் படியாது. துணியில் வடித்தாலும் தங்காது. தங்கள் அவையிலோ மேலாக மொண்டால் தங்கள் மருமக்கள் மட்டுமே வருகிறார்கள். எம்மவரை வாயிற்காவலன் என்னும் துணியே நிறுத்திவிடுகிறது.

"உப்பு இல்லேன்னா பாலுன்னு எழுதிக்கோ, தாயி. குத்துறது முத்திரைதானே" என்று சிரித்தீர்கள். பாலும் அடியில் படியாது, ஐயா, துணியிலும் நிற்காது. நீர்விட்ட பாலில் ஒளிக்கீற்றைப் பாய்ச்சினால்தான் உள்ளே துகள் கிடப்பது தெரியும். தங்கள் அவையைக் காண விளக்கே வேண்டாம்.

அது சுண்ணாம்புக் குழம்பு. திருவிழாவன்று கோலிட்டுக் கலக்குகிறீர்கள், எல்லாம் ஒரே வெண்மை. கோலை எடுத்ததும் நாங்கள் அடியில். சுண்ணாம்பிலும் துளியளவு கரையத்தான் செய்யும். அந்தத் துளி நான். என்னைக் காட்டித்தான் குடத்துச் சுண்ணாம்பு முழுதும் கரைந்தது என்கிறீர்கள். கரைந்த நானோ மூன்றாண்டாகத் தூணோரம் நின்றே அறிக்கை படிக்கிறேன்.

ஆகவே ஆணை; ஒருமுறை நானும் இடுகிறேன். கல்தச்சரை நிறுத்துக. கலக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நாழிகை அவையென்னும் அந்தக் குடத்தையே பார்த்திருக்க.

இவ்வோலைக்குச் சான்று சுண்ணாம்பு தோய்ந்த என் பெருவிரல் பதிவு. இதைத் தாங்கள் விரிக்கும் வேளையில் நான் தலைவாயிலைக் கடந்துகொண்டிருப்பேன். அழைத்துவர ஆள் விட வேண்டாம். முத்திரையைத் தங்கள் பக்கத்து இருக்கையில் வைத்திருக்கிறேன். அதற்காவது உட்கார இடம் கிடைத்தது.