பாகூர் கலியபெருமாள் அண்ணன் ஜீப்பை எடுத்த நாள்

என் பிரியத்துக்குரிய கலியபெருமாள் அண்ணே,

யானத்திலிருந்து நீங்கள் போட்ட மூன்று கார்டுகளுக்கும் நான் பதில் எழுதவில்லை. முதலில் பயம், அப்புறம் வெட்கம். இப்போது எழுத உட்கார்ந்தால், வாங்கிப் படிக்க நீங்கள் இல்லை. மற்றவர்களாவது படிக்கட்டும். உங்களைப் பற்றி உங்கள் ஊர் பாகூரில் ஒரு பேச்சு ஓடுகிறது. அது பொய் என்று சொல்ல வேண்டியவன் நான்.

எண்பத்து மூன்றில் இலங்கையில் கலவரம் வெடித்த பிறகு, ஜனங்கள் படகு படகாக இக்கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் ரேடியோ ரிப்பேர் கடை. ஒரு நாள் கரகரக்கிற டிரான்சிஸ்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். பூச்சிமருந்து கம்பெனியில் வேலை, புதுச்சேரியிலிருந்து மாற்றல், தனி அறையில் ஜாகை என்றீர்கள். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு ஒயர் கத்தரித்தது போல அறுந்திருந்தது. எலி இப்படிக் கடிக்காதே என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அதிலிருந்து பத்து மாதம், தினம் வந்தீர்கள். பேப்பர் படிப்பீர்கள், டீ குடிப்பீர்கள், யார் வந்தாலும் நிமிர்ந்து பார்ப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நெரவியில் எங்கள் வீட்டில் சாப்பாடு. என் மனைவி ஜெயா உங்களை வாய் நிறைய அண்ணன் என்றாள். அவள் உண்டானபோது சாத்துக்குடி வாங்கி வந்தவர் நீங்கள்தான்.

உங்களிடமும் அவளிடமும் நான் மறைத்தது ஒன்று உண்டு. நீங்கள் வருவதற்குச் சில வாரம் முன்பு, அக்கரைப் பையன் ஒருவன் கையடக்க வயர்லெஸ் செட் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். “அண்ணை, இதை ஒருக்கா பார்த்துத் தாங்கோ” என்றான். லைசென்ஸ் இல்லாத செட் என்று தெரியும். முகத்தைப் பார்த்தேன், முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சரி பண்ணிக் கொடுத்தேன். அவன் மறுபடி வரவேயில்லை. பயம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

அந்தக் கார்த்திகை மழை உங்களுக்கு மறந்திருக்காது. மூன்று நாளாகப் பஸ் இல்லை. மத்தியானம் பக்கத்து வீட்டு அமிர்தம் அக்கா முழங்கால் தண்ணீரில் நடந்து கடைக்கே வந்துவிட்டாள். “ஜெயாவுக்கு வலி கண்டுடுச்சு தம்பி. நாள் இருக்கயிலயே உதிரம் கொட்டுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கலேன்னா தாங்காது.”

பேப்பரோடு உட்கார்ந்திருந்த நீங்களும் அதைக் கேட்டீர்கள். நான் ஆட்டோவுக்கு ஓடினேன். நாலு பேரைக் கேட்டேன், நாலு பேரும் தண்ணீரில் இறங்கமாட்டேன் என்றார்கள். திரும்பி வந்தால் கடை வாசலில் போலீஸ் ஜீப். முன் சீட்டில் நீங்கள். டிரைவர் உங்களைப் பார்த்து, “ஐயா, நேரா நெரவிக்குத்தானே?” என்றார். தெருவே பார்த்தது. “ஏறு தம்பி” என்றீர்கள். நான் ஏறினேன். வழி முழுக்க உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெளியே வந்து, பெண் குழந்தை, தாயும் பிழைத்துவிட்டாள் என்றபோது சாயங்காலம். அதன் பிறகுதான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

“அண்ணே, என்னைக் கண்காணிக்கத்தான் வந்தீங்களா?”

“ஆமா. உளவுப் பிரிவு. பத்து மாசமா உன்னைப் பத்தித்தான் எழுதிக்கிட்டிருக்கேன்.”

“என்னன்னு எழுதுனீங்க?”

“பாத்தத எழுதுனேன். தப்பா ஒண்ணும் பாக்கல.” என் பக்கம் திரும்பினீர்கள். “நீ கேட்டதுக்கு உண்மையச் சொல்லிட்டேன். இப்ப நான் கேக்கறேன். ஒரு செட் உன் கைக்கு வந்துச்சா?”

பொய் சொல்லியிருக்கலாம். உங்கள் சட்டையில் ஜெயாவின் ரத்தம் இருந்தது. “வந்துச்சுண்ணே. ரிப்பேர் பண்ணிக் குடுத்தேன்” என்றேன்.

“நான் இத எழுதித்தான் ஆவணும் தம்பி. அதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன். நாளைக்கி மத்தியானம் எழுதுவேன். அதுக்கு முன்னாடி நீயே ஸ்டேஷனுக்கு வந்து சொல்லிடு. நீயா சொன்னேன்னும் சேத்து எழுதறேன்.”

சொன்னபடி நான் வந்தேன். சொன்னபடி நீங்கள் எழுதினீர்கள். ஐந்து நாள் விசாரணை, ஒருவரும் கை வைக்கவில்லை. ஐந்து நாளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். எனக்காகவா, வேலைக்காகவா? இன்றுவரை தெரியவில்லை. எச்சரித்து அனுப்பினார்கள். கடை மூன்று வாரம் மூடிக் கிடந்தது, அவ்வளவுதான்.

உங்களுக்குத்தான் தண்டனை. யார் என்று ஊருக்கே தெரிந்துபோன ஆளை வைத்து என்ன உளவு பார்ப்பது? ஆந்திரா பக்கம் இருக்கிற யானத்துக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது, சைகை காட்டி உப்பு வாங்குகிறேன் என்று கார்டில் எழுதியிருந்தீர்கள். நான் சிரித்தேன். ஜெயா சிரிக்கவில்லை. “நம்ம வீட்டு மீன் குழம்பத் தின்னுட்டு நம்மளயே எழுதிக்கிட்டிருந்திருக்காரு. இனிமே அவர் பேச்சே இந்த வீட்ல வேணாம்” என்றாள். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

போன மாதம் அந்த ஜீப் டிரைவர் கடைக்கு வந்து, யானத்தில் நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டதைச் சொன்னார். வீட்டுக்கு வந்து ஜெயாவிடம் சொன்னேன். அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டாள். “அன்னிக்கி என்னைத் தூக்கி வண்டில வைக்கையில ‘பயப்படாதம்மா, அண்ணன் இருக்கேன்’னு என் காதுல சொன்னாருங்க” என்றாள். நாலு வருஷமாக அவள் அதை என்னிடம் சொன்னதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாகூர் போனேன். பந்தலில் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. “காரைக்கால்ல எங்கயோ காசுக்குக் கை நீட்டியிருக்கான். இல்லேன்னா யானத்துக்குத் தூக்கி அடிப்பானா?” உங்கள் பெரிய மகன் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வேலை விஷயத்தை வீட்டு வாசலுக்குள் நீங்கள் கொண்டுபோனதேயில்லை போலிருக்கிறது. அண்ணிக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் அண்ணியையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வயர்லெஸ் செட்டையும் மறைக்கவில்லை. என் மேல் கோபப்படுவார்கள் என்று தயாராகத்தான் இருந்தேன்.

அண்ணி முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள். “அன்னிக்கி அந்த வண்டிய எடுக்காம இருந்திருந்தா, அவர் இங்கயே பக்கத்துல இருந்திருப்பாரா?”

“இருந்திருப்பாரு அண்ணி” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “புள்ள நல்லாருக்கா? அழைச்சிக்கிட்டு வாங்க. நான் பாக்கணும்” என்றார்கள்.

வருகிற ஞாயிறு போகிறோம் அண்ணே. ஜெயாவும் வருகிறாள், அவளாகத்தான் கிளம்புகிறாள். பிள்ளைக்கு உங்களைப் பெரியப்பா என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இனி வருஷா வருஷம் உங்கள் திதிக்கு உங்கள் பிள்ளைகளோடு நானும் ஈர வேட்டியோடு நிற்பேன். இது சத்தியம்.

பதில் போடாத உங்கள் தம்பி,
ராஜமாணிக்கம்
நெரவி