இடது கால் ஷூவை மாற்றிக்கொண்ட நாள்

அடியே,

நேற்று கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஷூ வாங்கப் போனேன். பெட்டியைத் திறந்ததும் புது ரப்பரும் பசையும் கலந்த அந்த வாசனை வந்தது. உடனே நீ பக்கத்தில் நிற்பது போல் இருந்தது. கடைப் பெண், "போட்டுப் பாருங்க ஆன்ட்டி, மேகத்து மேல நடக்கிற மாதிரி இருக்கும்" என்றாள். நான் போட்டுப் பார்க்கவில்லை. நீ செய்வாயே, அதே போல் குதிகால் பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கினேன். முன்பக்கத்தைப் பிடித்து வளைத்தேன். மேஜை மேல் வைத்து ஆடுகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். மேனேஜரைக் கூப்பிடலாமா என்று அந்தப் பெண் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

மீட்டர் தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் ஒரே மேஜையில் காலம் தள்ளியவர்கள் கடைக்குப் போனால் இப்படித்தான். தக்காளியைக்கூட நாம் பாஸ், ரிஜெக்ட் என்றுதானே பிரித்தோம். ரிட்டயர் ஆன பிறகு அல்சூர் ஏரியைச் சுற்றி ஓடலாம் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். நடக்கலாமே என்றேன். "நடந்தா பாக்கிறவங்க எல்லாம் நிறுத்தி துக்கம் விசாரிப்பாங்கடி. ஓடினா யாரும் நிறுத்த மாட்டாங்க" என்றாய்.

உன் வீட்டுக்காரர் போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் நீ வாயே திறப்பதில்லை என்று உன் மருமகள் என்னிடம் வந்து அழுதிருந்தாள். ஆனால் ஓடும்போது மட்டும் பேசினாய். மூச்சு வாங்க வாங்க, பாதி வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு பேசினாய். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இருக்கலாம். அந்தக் காலை நேரம்தான் உன்னை நிமிர்த்தி வைத்திருந்தது என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல் கூட ஓடினேன்.

அப்படி இருக்கும்போதுதான் என் இடுப்பு வேலைநிறுத்தம் செய்தது. வலது பக்கம் படுக்க முடியவில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை. டாக்டர், "இந்த வயசுல ஓட்டம் எதுக்கும்மா? நிறுத்திடுங்க" என்றார். அதை உன்னிடம் சொன்னபோது ஏரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாய். "நீ நின்னுட்டா நான் யார்கிட்டடி பேசுறது?" என்று கேட்டாய். இப்படிக் கேட்க வைத்துவிட்டாயே என்று அடுத்த நிமிஷமே என் மேல் எரிந்து விழுந்தாய்.

மறுநாள் தீர்ப்போடு வந்தாய். குற்றவாளி ஷூதான். என்னுடையது என் மகன் வாங்கிக் கொடுத்தது, குதிகாலில் பேக்கரி பன் போல உப்பிய நுரை. உன்னுடையது சப்பாத்தி போலத் தட்டை. உனக்கு இடுப்பில் ஒரு குறையும் இல்லை, ஆனால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். எந்த ஷூ எந்தச் சதையைப் பிடிக்கிறது என்று சோதனை செய்தே தீர வேண்டும் என்றாய். "அப்போ ஜோடியை மாத்திப் போட்டுக்கலாம்" என்றேன்.

"ஆளு மாறினா ரீடிங் மாறும். ஒரே ஆளுக்கு ஒரு கால்ல அது, ஒரு கால்ல இது. அப்பத்தான் கரெக்டா தெரியும்."

நம் இருவருக்கும் ஒரே அளவு கால். பெஞ்சில் உட்கார்ந்து இடது கால் ஷூவை மட்டும் மாற்றிக்கொண்டோம். மயிரிழைப் பிசகைக்கூடக் கண்டுபிடித்து மீட்டரைத் திருப்பி அனுப்பியவர்கள் நாம். ஒரு கால் உயரமாகவும் ஒரு கால் தாழ்வாகவும் இருக்கும் என்பது மட்டும் இருவர் கண்ணிலும் படவில்லை.

எனக்கு வலது கால் உயரம், உனக்கு இடது கால் உயரம். நான் உனக்கு வலது பக்கம் ஓடினேன். நான் உன் மேல் சாய, நீ என் மேல் சாய, பத்தடிக்கு ஒருமுறை தோளோடு தோள் முட்டிக்கொண்டோம். "பக்கம் மாத்து" என்றாய். மாற்றினோம். இப்போது நீ ஏரியை நோக்கியும் நான் ரோட்டை நோக்கியும் விலகிக்கொண்டே போனோம். நம் குடும்ப ரகசியங்களை எல்லாம் கத்திப் பேச வேண்டியதாயிற்று. எதிரே வந்த பெரியவர் ஒருவர், "ஏனாயித்தம்மா? காலு நோவா?" என்று கன்னடத்தில் கால்வலியை விசாரித்தார். "ஏனு இல்லா சார், டெஸ்டிங்" என்று, ஒன்றுமே இல்லாதது போலச் சொல்லிவிட்டு நீ பாட்டுக்குச் சாய்ந்து சாய்ந்து ஓடினாய்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போன வரிசையில், சோதனை தந்த வலியில் நாம் இருவரும் ஜோடியாக நொண்டினோம். ஃபாதர் பார்த்துவிட்டார். பூசை முடிவில் மைக்கில், "மூட்டுவலியால் துன்புறும் நம் மூத்த சகோதரிகளுக்காக" என்று சொல்லி ஓர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை ஆரம்பித்தார். கோயிலே நம்மைத் திரும்பிப் பார்த்தது. ஜெபம் முழுக்க நீ என் காதில், "மூத்தவங்களாம். என்னைவிட அவருக்குத்தான் நரை ஜாஸ்தி" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாய்.

கடைசியில் உன் மருமகள்தான் நம் இருவரையும் ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் அழைத்துப் போனாள். அந்தப் பெண் ஷூக்களைப் பார்த்தாள், நம்மைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். அப்புறம் சொன்னாள். "குதிகால் தடியா இருந்தா அதுதான் முதல்ல தரையில விழும். முட்டிக்கும் இடுப்புக்கும் வேலை ஜாஸ்தி. நுரை ரொம்ப மெத்துன்னு இருந்தா உடம்பு ஆடும், ஆடாம புடிச்சு நிறுத்த இடுப்புப் பக்கத்துச் சதை பாடுபடணும். தட்டையா இருந்தா எல்லாத்தையும் கெண்டைக்கால் இழுக்கணும். எந்த ஷூவும் வேலையை இல்லாம பண்ணாது ஆன்ட்டி. ஒரு சதைகிட்ட இருந்து வாங்கி இன்னொண்ணுகிட்ட குடுக்கும்."

"டிரான்ஸ்பர்" என்றாய் நீ. "நம்ம மேனேஜ்மென்ட் மாதிரியேடி."

என் இடுப்புச் சதை பலவீனமாக இருக்கிறது, முதலில் அதைத் தேற்ற வேண்டும், ஷூவும் ரொம்பத் தடிமனாக இல்லாமல் நடுத்தரமாக இருக்கட்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். நீ குறுக்கே புகுந்தாய். "அதெல்லாம் இருக்கட்டும்மா. இவ ஓடுவாளா? அத மட்டும் சொல்லு."

"ஓடலாம். கொஞ்ச நாள் ஆகும்" என்றாள். நீ ஜன்னல் பக்கம் திரும்பி துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாய். எனக்கும் அழுகை வந்தது. இடுப்பு வலி என்று சமாளித்தேன்.

அந்தக் கொஞ்ச நாளில் நீ தனியாகவே ஓடியிருக்கலாம். தினமும் காலையில் என் வீட்டு ஹாலுக்கு வந்தாய். ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்கி இறக்குவதுதான் எனக்குக் கொடுத்த பயிற்சி. உனக்கு அது தேவையே இல்லை. இருந்தும் பக்கத்தில் பாயை விரித்து, எனக்கு முதுகைக் காட்டிப் படுத்து நீயும் காலைத் தூக்கினாய். சுவரைப் பார்த்துக்கொண்டே உன் வீட்டுக்காரரின் கடைசி நாட்களைச் சொல்ல ஆரம்பித்தாய். கால் மேலே போகும்போது கொஞ்சம், கீழே வரும்போது கொஞ்சம். காபி கொண்டு வந்த என் வீட்டுக்காரர், இரண்டு கால்கள் ஒன்றாக எழும்புவதைப் பார்த்துவிட்டு டம்ளர்களோடு அடுப்படிக்கே திரும்பிப் போனார்.

பிறகு மறுபடி ஓடினோம். நடக்கிறவர்கள்கூட நம்மைத் தாண்டிப் போனார்கள். அவ்வளவு வேகம். என் வாழ்நாளில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த காலைகள் அவை.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை. அதில் உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

ரொம்ப நாள் ஏரிப் பக்கமே போகாமல் இருந்தேன். இப்போது போகிறேன். இடுப்பு ஒத்துழைக்கிறது. உன் பேச்சு நோய் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் வாயில் வராத விஷயமெல்லாம் ஓட ஆரம்பித்தால் வருகிறது. உன் மருமகளுக்கு வேலை கிடைத்தது, ஃபாதருக்கு மாற்றலாகிவிட்டது, என் வீட்டுக்காரர் கண் ஆபரேஷனுக்குப் பயப்படுவது, எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டே ஓடுகிறேன். இந்த ஊரில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. பாதிப் பேர் காதில் எதையோ செருகிக்கொண்டு ஆபீஸ் விவகாரம் பேசியபடிதான் ஓடுகிறார்கள்.

இன்று காலை என்னைத் தாண்டிப் போன ஒரு பெண் வேகத்தைக் குறைத்து, "என்ன ஆன்ட்டி, காலையிலேயே மீட்டிங்கா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன். "அந்தப் பக்கம் மியூட்ல இருக்காங்க."

அவள் சிரித்துக்கொண்டே ஓடிப் போனாள். நான் மூச்சை வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து உனக்குச் சொல்லத் தொடங்கினேன்.